மன்டலின்காரருக்குச் சொல்லவில்லை

மடுத்தீனுக்குக் 'கௌபோய் அண்ணை' என்று பெயர் வைத்தது பாரிஸின் லா சப்பலில் அவர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைச் சமையலறை. அறுபது வயதில் எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் நின்று றோல்ஸ் பொரிக்கிற மனிதர், சனிக்கிழமை பின்னேரமானால் அகலத் தொப்பியை மாட்டி, மன்டலின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தால் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்? சிரித்தவர்களில் ஒருவர்கூட எங்கே போகிறார் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆசையாகச் சொல்லியிருப்பார், பாவம்.

அவர் போவது வடக்கே, ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் தள்ளியிருக்கும் வால்மெரிக்கு. ஒரு தேவாலயம், ஒரு வெதுப்பகம், மூடிக்கிடக்கும் சீனி ஆலை, அவ்வளவுதான் ஊர். ஆனால் கன்ட்ரி மியூசிக் என்றால் அந்த ஊருக்குப் பைத்தியம். ஆலைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகி, தங்கள் ஆலையையும் பீற்றூட் வயல்களையும் வைத்துத் தாங்களே பாட்டுக் கட்டினார்கள். ஆலை போய்விட்டது, பாட்டுகள் மிஞ்சின. இன்றும் சனிக்கிழமைகளில் ஊர் மண்டபத்தில் தொப்பியும் பூட்சுமாக வரிசை கட்டி ஆடுகிறார்கள்.

பிரான்சுக்கு வந்த புதிதில் மடுத்தீன் அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்துக் குருநகர்த் தேவாலயப் பாடகர் குழுவுக்கு மன்டலின் வாசித்த விரல்கள் சும்மா இருக்குமா? ஒருநாள் பின்கட்டில் அவர் வாசித்ததை ஊர் இசைக்குழுவின் கிற்றார்காரன் யூலியன் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து குழுவில் அவருக்கென்று ஒரு கதிரை. வால்மெரியின் ஊர்ப் பாட்டின் நடுவே மன்டலின் மட்டும் தனியாக ஒலிக்கும் ஒரு துண்டை அவரே சேர்த்தார். கலியாணம் அமையாமல் பாரிஸ் புறநகரான ஸ்தேனில் ஒற்றை அறையில் இருப்பவருக்கு, வாரத்தில் தன்னை யாராவது எதிர்பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

இந்த ஜூனில் குழுவுக்கு நாற்பதாவது ஆண்டு விழா. வட்சப்பில் சுவரொட்டி வந்ததும் எல்லாரும் இதயம் போட்டார்கள். மடுத்தீன் போடவில்லை. நல்ல காரியம் என்றால் வீடு தேடி வந்து சொல்லவேண்டும், முகத்தைப் பார்த்தாவது சொல்லவேண்டும். சுவரொட்டி ஊருக்கெல்லாம் பொதுவானது, அது அழைப்பாகுமா? தம்பி பிரின்ஸ்டன் தன் மகளின் கலியாண அட்டையைத் தபாலில் அனுப்பினான் என்பதற்காகப் போகாமல் இருந்தவர் அவர். ரோஷம் வந்தால் மனிதருக்குக் கண்மண் தெரியாது.

ஒத்திகைக்கு மட்டும் தவறாமல் போனார். மேடைக்கு வெள்ளையடித்தார், மன்டலினுக்குப் புதுக் கம்பி பூட்டினார், கடையில் லீவும் சொல்லிவைத்தார். யூலியன் விளக்கைப் பற்றிப் பேசினான், சொசேஜ் அடுப்பைப் பற்றிப் பேசினான். "நீ வா" என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

விழா நாளன்று மடுத்தீன் றோல்ஸ் பொரித்தார்.

"என்னண்ணை, லீவு கேட்டுப்போட்டு இஞ்சை நிக்கிறியள்?" என்றான் கடை முதலாளி இராஜதுரை.

"எனக்குச் சொல்லேல்லை."

"ஆர் சொல்லேல்லை?"

"அவங்கள்தான். சொல்லாத இடத்துக்கு நான் போறேல்லை."

போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். ஆனாலும் கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் 'மிதிவெடி' என்கிற முட்டை றோல்ஸ் வாங்கத்தான் வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் தன் அறையில் போனைத் திறந்தால் யூலியன் பலமுறை அழைத்திருந்தான். ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தான். மேடையில் அவருடைய கதிரை காலியாக இருந்தது. ஊர்ப் பாட்டில் மன்டலின் துண்டு வரும் இடத்தில் குழுவினர் எல்லாரும் வாத்தியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். வேறு யாரும் அதை வாசிக்கவில்லை. கூட்டம் காலால் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் கழிந்த பிறகுதான் யூலியன் மறுபடி பாட ஆரம்பித்தான்.

மடுத்தீன் அவனை அழைத்தார்.

"ஏன் வரவில்லை? உடம்பு சரியில்லையா?"

"நீ என்னைக் கூப்பிடவில்லையே."

யூலியனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பிறகு கேட்டான்: "மடுத்தீன், வீட்டுக்காரனை யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்களா?"

குருநகரிலும் அதுதானே வழக்கம்! கலியாணப் பிள்ளையின் பெரியப்பனுக்கு யார் போய்ச் சொல்வார்கள்? அவர்தான் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கவேண்டும். இந்த நாட்டில் தன்னையும் ஒருத்தன் வீட்டு ஆளாக எண்ணியிருப்பான் என்று மடுத்தீனுக்குத் தோன்றவே இல்லை.

வீடியோவை மறுபடி ஓடவிட்டு, அந்த இடம் வந்ததும் மன்டலினை எடுத்து வாசித்தார். போனுக்குள் கூட்டம் தாளம் தட்டியது. பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டபோது அழுதுவிட்டார்.

அப்போதுதான் தம்பி மகளின் கலியாணம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்த வாசலில் யார் நின்றிருப்பார்கள்? பிரின்ஸ்டனின் நம்பரைப் போனில் தேடினார். இல்லை. ரோஷத்தில் அவரே அழித்திருந்தார்.