தளிகை நாளில் ஞொக்கி

வாயில் வைத்தே பார்த்திராத ஒரு பண்டத்தை, வாயில் வைத்துப் பார்க்கவே கூடாத ஒரு நாளில் சமைக்கப் போன ஆள் நான். என்னைவிடப் பெரிய முட்டாள் திருப்பதியில் யாராவது இருந்தால் விலாசம் கொடுங்கள், ஒரு மாலை வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பண்டத்தின் பேர் ஞொக்கி. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, மைதா சேர்த்துப் பிசைந்து, கொட்டைப்பாக்கு அளவில் உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, கிரீமில் புரட்டித் தின்பது. இத்தாலிக்காரர்கள் சமாச்சாரம். நாள், புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தளிகை. சமைத்ததையெல்லாம் இலை போட்டுப் பெருமாளுக்குப் படைத்துவிட்டுத்தான் நாங்கள் கை நனைக்க வேண்டும். அதுவரைக்கும் சமைக்கிறவர் உப்புப் பார்க்க ஒரு சொட்டு நாக்கில் வைக்கக் கூடாது. மோந்து பார்ப்பதுகூட எச்சில் கணக்குதான்.

அப்புறம் ஏன் அன்றைக்கே என்றால், மகள் கேட்டுவிட்டாள்.

பெங்களூரில் வேலையில் இருந்தவள். கம்பெனியில் ஆளைக் குறைத்தார்களாம். அந்த வாரம் ஒரு காலையில் இரண்டு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "வேலை போச்சு" என்றாள், ரூமுக்குள் போனாள், அவ்வளவுதான். கூப்பிட்டால் சோற்றுக்குக்கூட வரமாட்டேன் என்றாள். "கொஞ்சம் துன்னும்மா" என்றால் "வத்து நைனா." வேண்டாம் என்பதைக்கூடத் தெலுங்கில்தான் சொன்னாள். மனசு சரியில்லை என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷைதான் வரும்.

நான் சித்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுசு சுற்றினால் ஓடியே ஆகும். மகள் பார்த்த வேலை என்ன என்று எனக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. அது போனபோது எங்கே பிரிப்பது, எதை உருவுவது என்றும் விளங்கவில்லை. கைவசம் இருந்த ஒரே வைத்தியம் ஜோக்கு. மூடின கதவுக்கு முன்னால் நின்று எனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொன்னேன். கதவு சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், "இன்னா வேணுமோ கேளும்மா, நைனா என் கையாலயே செஞ்சு தரேன்" என்றேன்.

"ஞொக்கி" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். என்னை அங்கிருந்து கிளப்பத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது. வந்ததிலிருந்து அவள் வேண்டும் என்று கேட்ட ஒரே பொருள். ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கலாம், ஆனால் அதற்குள் "வத்து" என்றுவிட்டால்?

தளிகைக்கு வருஷா வருஷம் வருகிற என் அக்கா, மறுநாள் காலையில் சித்தூரிலிருந்து வந்து இறங்கினாள். அடுப்பங்கரையில் மைதாவும் நானுமாக நின்ற கோலத்தைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கினு வந்தியா?"

"குழந்தைக்குக்கா. இத்தாலி சாப்பாடு."

"அந்த முட்டை யாருக்கு? அவருக்கா?" என்று பெருமாள் படத்தைக் காட்டினாள்.

வீடியோவில் பார்த்து வாங்கி வந்த முட்டையும் பூண்டும் அந்த நிமிஷமே பக்கத்து வீட்டுக்குப் போயின. சீஸ் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "இது இன்னாத்துல செஞ்சது?" என்றாள்.

"பாலுதான்க்கா."

"பாலுன்னா போட்டுக்கோ."

முட்டை இல்லாத மாவு எனக்கு அடங்கவில்லை. மைதாவைப் போட்டேன். விரலெல்லாம் ஒட்டியது. இன்னும் போட்டேன். என் மனைவி நெய் உருக்கச் சேர்த்து வைத்திருந்த பாலாடைக் கிண்ணத்தைக் கிரீமுக்கென்று என் முன்னால் வைத்தாள். மற்ற நாளில் அதில் ஸ்பூன் வைத்தால் என் கையை ஒடித்திருப்பாள். நான் முள்கரண்டியால் ஒவ்வொரு உருண்டைக்கும் வீடியோவில் போட்டதுபோல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"குடு இங்க. உள்ள போற கொழுக்கட்டைக்குக் கோடு இன்னாத்துக்குடா? பொழுது சாயறதுக்குள்ள படைக்க வாணாமா?" கடகடவென்று உருட்டித் தள்ளினாள்.

மனைவி ரூம் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "குளிக்கப் போயிருக்குது" என்றாள் மெதுவாக, சத்தம் போட்டால் மகள் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவாள் என்பதுபோல.

இலை போட்டோம். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு, வடை, சுண்டல். ஒரே அடுப்பில் ஆனது, அதையும் வைக்காமல் இருக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டதால் ஓரத்தில் ஒரு கரண்டி ஞொக்கி. நான் கற்பூரம் காட்ட, "கோவிந்தா, கோவிந்தா" என்று எல்லோரும் சொன்னோம். எனக்குப் பின்னால் நாலாவதாக ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயந்து கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். மகளும் உட்கார்ந்தாள். தட்டில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஞொக்கி மட்டும் வைத்துக்கொண்டாள். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் ஒன்றைப் போட்டேன். கடல் தண்ணீர்!

"டேய், உப்பு எத்தினி வாட்டிடா போட்ட?"

"ஒரு வாட்டிதான்க்கா. மாவுல."

"கிழங்கு வேகறப்பவே நான் போட்டுட்டேனே" என்றாள் மனைவி.

அக்கா கொஞ்ச நேரம் வடையைப் பார்த்தாள். "நீ எப்பிடியும் மறந்திருப்பன்னு பாலாடையில நான் ஒரு கை போட்டேன்."

ருசி பார்க்கிற நாளாக இருந்திருந்தால் மூன்று பேரில் ஒருவராவது கண்டுபிடித்திருப்போம். "வச்சிடு கண்ணு, புளியோதர துன்னு" என்று அக்கா தட்டை இழுக்கப் போனாள். மகள் கொடுக்கவில்லை. ஒன்று எடுத்தாள், மென்றாள். ரப்பர் மாதிரி இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். அப்போதுதான் அவள் கன்னத்தில் தண்ணீர் வழிவதைப் பார்த்தேன். சத்தமே இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு விட்டதில்லை. இப்போது அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தாள்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுக்கலாமா, தலையைத் தொடலாமா, கேட்கலாமா, கேட்டால் நிறுத்திவிடுவாளா, ஒன்றும் தெரியவில்லை. சொம்பை எடுத்தேன், வைத்தேன். எழுந்து நின்றேன். நின்ற பிறகு எதற்கு நின்றேன் என்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தேன்.

"இந்த உப்புக்குப் பெருமாளுக்கே பிபி ஏறியிருக்கும்மா. மலை மேல ஏறி, டாக்டர் வேணுமான்னு கேட்டுட்டு வந்துரட்டுமா?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"பேசாம பக்கத்துல உக்காரு நைனா."