ஞானதுரை அண்ணாச்சியின் அடுப்பு ரேடியோ

போடி பஜாருல இன்னைக்கும் ஞானதுரை அண்ணாச்சி பேரை எடுத்தா, "பேட்டரியை ஒளிச்சு வச்சு ஏமாத்துன ஆளுதானே?" என்கிறாக. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நடந்ததைப் பூராப் பார்த்தவன் நான்.

அண்ணாச்சிக்கு வெல்டிங் பட்டறை. எனக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பு. எழுபத்தேழுல ஒருநாள் அண்ணாச்சி டீக்கடைப் பேப்பரை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாக. அமெரிக்காக்காரன் வியாழன் கிரகத்தைத் தாண்டிப் போக ஒரு கலம் விட்டிருக்கானாம். அங்கன வெயில் பத்தாது. அதனால தானாவே சூடாகிக்கிட்டிருக்கிற ஒரு உலோகத்தை உள்ள வச்சு, அந்தச் சூட்டைக் கரண்டா மாத்துறானாம்.

"அந்த உலோகம் நமக்கு யாரு குடுப்பா அண்ணாச்சி?"

"குடுத்தாலும் தொடப்படாதுலே ஒச்சு, ஆளையே தின்னுரும். சூடுதானே வேணும்? மலை மேல ஸ்டோர் அடுப்பு சும்மாதானே எரியுது?"

ஸ்டோருன்னா ஏலக்காய் உலர்த்துற கட்டடம். அடுப்புப் புகை தகரக் குழாய் வழியா உள்ள சுத்தி வந்து காயை உலர்த்தும். கரண்டு கிடையாது. காவலுக்குத் தனியாக் கிடக்கிற அய்யாத்துரைக்கு ஒரு சின்ன ரேடியோதான் துணை. மலை ஈரத்துல அதோட பேட்டரியும் சீக்கிரம் செத்துரும். அந்த ரேடியோவை அடுப்புச் சூட்டுலயே பாட வைக்கிறேன்னு அண்ணாச்சி பஜார் பூராச் சொல்லிட்டாக. அடக்கமெல்லாம் அவுகளுக்கு வராது.

இரும்புக் கம்பியையும் வேற ஒரு கலப்புக் கம்பியையும் மாத்தி மாத்தி நூத்துக்கணக்குல பத்த வச்சாக. ஒரு பக்கத்து இணைப்பெல்லாம் புகைக்குழாய் மேல. மறுபக்கம் சுவரைத் தாண்டி அய்யாத்துரை படுக்கிற அறையில.

தோட்டத்து ஏஜெண்டு சண்முகராஜும் பஜார் ஆளுகளும் என் ஜீப்புல வேடிக்கை பார்க்க வந்தாக. ரேடியோ பாடுச்சு. கை தட்டுனோம். ரெண்டாவது பாட்டுல முனகி அடங்கிருச்சு. சண்முகராஜ் அறையைக் கிளறி, அய்யாத்துரை டார்ச் லைட்டுக்கு வச்சிருந்த பேட்டரிக் கட்டையைத் தூக்கிக் காட்டுனான்.

"இந்தா பாருங்கய்யா, அண்ணாச்சியோட ராக்கெட்டு!"

ஒரே சிரிப்பு. அண்ணாச்சி கீழ இறங்க மாட்டேன்னுட்டாக. நான் மறுநாள் போனப்ப கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாக. அய்யாத்துரை தலையைச் சொறிஞ்சான்.

"சூடு வெளிய போயிரக் கூடாதுன்னு நாந்தான் அறைச் சன்னலையெல்லாம் சாக்கு வச்சு அடைச்சேன் அண்ணாச்சி."

ஸ்டோர்க்காரனுக்கு அது கை வழக்கம். சூடு ஒழுகுனா காயோட பச்சை நிறம் போயிரும்.

"அடப்பாவி, ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அவிச்சுட்டியே!" அண்ணாச்சி சத்தமாச் சிரிச்சாக. "ஒரு பக்கம் கொதிக்கணும், ஒரு பக்கம் குளிரணும். அந்த வித்தியாசத்துலதான்லே கரண்டு. வானத்துல குளிருக்குப் பஞ்சமில்ல. இங்கன நாமதான் தேடணும்."

பின்னால ஓடுற ஓடையில வாய்க்கால் வெட்டி, செம்புக் குழாயில தண்ணி கொண்டாந்து, அதுமேல கம்பியோட மறுபக்கத்தை இறுக்குனாக. அதுக்கப்புறம் அடுப்பு எரியுற வரைக்கும் ரேடியோ நிக்கல. பஜார் ஆளுகளைத் திரும்பக் கூப்பிட்டோம். "ஒரு தடவை பார்த்தது போதும்"னுட்டாக. ஒருத்தனும் மலை ஏறல. அண்ணாச்சி கெஞ்சவும் இல்ல. வருசா வருசம் அவுகளே போய்க் கம்பியைச் சரி பண்ணிட்டு வந்தாக.

எண்பத்தஞ்சு தை மாசம் தேனி ஆஸ்பத்திரியில மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தாக. அவுக சம்சாரம் சாராள் அக்கா விசிறிக்கிட்டு இருந்தாக. அண்ணாச்சி என்னைப் பக்கத்துல வரச் சொல்லிக் கையைக் காட்டுனாக.

"மலை மேல காத்து மாசம்லே இது. வாய்க்கால்ல சருகு அடைச்சிருக்கும், தண்ணி ஏறாது. ஜீப்பை எடுத்துட்டுப் போய் அள்ளிப் போட்டுட்டு வா. அய்யாத்துரை சாயந்தரச் செய்தி கேக்கிறதுக்கு முந்திப் போயிரு."