வாயைக் கட்டிய பால்குடம்

என் மகள் ஒரு தோளைத் தாழ்த்தி நிற்கிறாள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. சிரம்பான் பக்கம் பாரோயில் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தவில்லை என்றார். அதனால்தான் சாய்கிறாளா என்று மூன்றுமுறை கேட்டேன். “தொடர்பு இருக்கலாம்மா, அடிச்சுச் சொல்ல முடியாது” என்றார். எனக்கு என் பால்குடம் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. பெடாஸ் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டமொன்றில் இருந்தோம். டெங்கியிலிருந்து நான் பிழைத்தால் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க வைப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். திருவிழாவுக்கு முன்னால் செம்பில் தண்ணீர் ஊற்றி, தலையில் வைத்து நடக்கப் பழக்கினாள். ஒவ்வொரு முறையும் என் இடது காதோரமாகத் தண்ணீர் வழிந்தது. வேண்டுதல் பால் தரையில் சிந்தினால் என்ன ஆகுமோ என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

செம்பனைக் குலை லோரி ஓட்டும் மாமாவுக்கோ சிரிப்பு. “என்னலா இது, லோடு ஒரு பக்கமாவே சாயுது? டயர்ல காத்து இல்லையா?”

“சும்மா இருங்கண்ணே” என்ற அம்மா என் பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டில் நான் நெத்திலி சம்பல் தின்றது அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. “வேண்டுதல்னா வாயக் கட்டணும், தெரியுமில்ல?”

மறுநாள் காலை மஞ்சள் துணியை மடித்துக் கடைவாயில் கடித்துக்கொண்டு, முனைகளைப் பின்னந்தலையில் முடிந்துகொண்டேன்.

“அடியே, கவுச்சி திங்கக் கூடாதுன்னு சொன்னேன்டி!” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இரு, இரு. செம்பப் பாரு” என்றார் மாமா.

குழாயடியிலிருந்து கோயில்வரை நடந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. துணியை எடுக்கச் சொன்னார், வழிந்தது. மறுபடி கடிக்கச் சொன்னார், நின்றது. கேலியை விட்டுவிட்டு என் வாயைத் திறந்து பார்த்தார். “ஒரு பக்கம் சொத்தைலா. வலிக்குதுன்னு மறுபக்கமே மென்னு மென்னு தாடை சாஞ்சிருக்கு. அது சாஞ்சா மேல உள்ளதும் சாயும்தானே?”

அம்மா கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமாவுக்கு அது லோடு விஷயம், அவளுக்கு மாரியம்மன். துணியைக் கடித்ததும் நான் வாயாடாமல் கவனமாக நடந்தேன், அவ்வளவுதானோ என்று இன்று எனக்கே சந்தேகம். ஆனால் அன்று நான் மலைத்துப்போனேன். வாய்க்குள் ஒரு மடிப்புத் துணி. அதன்மேல் என் தலை, அதன்மேல் செம்பு, அதற்குள் அசையாத தண்ணீர்.

திருவிழாவன்று துணியைக் கடித்தபடியே போனேன். என்ன பக்தி என்று எல்லாரும் வியந்தார்கள். மாமா எடுத்த படத்தில் குடம் நேராக நிற்கிறது. அருகில் அம்மா, என் பக்கமாகத் தலை சாய்த்து. பாசத்தில் என்மேல் சாய்கிறாள் என்று அந்தப் படத்தைக் காட்டி எத்தனையோ பேரிடம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

போன வாரம் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு முந்தைய படங்களிலும் அம்மா அதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறாள். வீட்டில் எப்போதும் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பாள். அது அவளுக்குப் பிடித்த தீனி என்று நினைத்திருந்தேன்.

திருவிழா முடிந்ததும் என் சொத்தைப் பல்லைப் பிடுங்க எல்லாருமாகச் சிரம்பான் போனோம். அம்மாவின் வாயை யாரும் திறந்து பார்க்கவில்லை.