ஆலைத் தண்ணி குடிக்கும் பக்டீரியா

கண்ணுக்குத் தெரியாத ஆட்களிடம் வேலை வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு விளங்கும். மரபணு மாற்றிய பக்டீரியாவுக்கு அரிசி ஆலைக் கழிவுநீரைத் தீனியாகப் போட்டு, அது விடும் ஐதரசனை எரிபொருளாகப் பிடிப்பது என் தொழில். மாத முடிவுக்குள் நெருப்பு எரித்துக் காட்டு, இல்லாவிட்டால் ஆய்வுகூடச் சாவியைக் கொடு என்று பல்கலைக்கழகத் துறைத் தலைவர் சொல்லிவிட்டார். கொடுப்பேனா நான்?

பந்தியில்

கிரானில் ஒரு கலியாண வீடு. என்ன வேலை என்று மாமி கேட்டா. "பக்டீரியா வளர்க்கிறன் மாமி" என்றேன். மாமி இலையோடு கொஞ்சம் தள்ளி இருந்தா.

"கைய நல்லாக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு புள்ள."

ஹாஜியாரின் மரியாதை

ஓட்டமாவடியில் ஆலை வைத்திருக்கும் ஹாஜியார்தான் எங்களுக்குத் தண்ணி தருபவர். நெல் ஊறிப் புளித்த தண்ணி. நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒருநாள் அவர் அனுப்பிய தண்ணிக் கானை ஊற்றியதோடு குடுவையில் ஐதரசன் குமிழி நின்றுபோயிற்று. நானும் உதவியாளர் சுதனும் குழாய், மூடி, சூடு எல்லாம் பார்த்தோம். எல்லாம் சரி. கடைசியில் கானை மோந்து பார்த்தால், ஐயோ, குளோரின் மணம்!

ஓடினேன். ஹாஜியார் சிரித்தபடி பிளேன்டீயை நீட்டினார். "கம்பஸ் புள்ளைக்கு நாத்தத் தண்ணி குடுக்க வெக்கமா இருந்திச்சு. பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தமாக்கித்தான் அனுப்பினன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி அன்பு காட்டுகிற மனிசரை எப்படி ஏசுவது? அந்த அழுக்குத்தான் பக்டீரியாவுக்குச் சாப்பாடு, குளோரின் பட்டு எல்லாம் செத்துப்போச்சு என்றேன். தலையில் கைவைத்தார்.

"யா அல்லாஹ், விருந்தாளிக்கு நஞ்சு வச்சிட்டனே!"

கடைசிக் குப்பி

விதைநெல் மாதிரி உறைகுளிரில் ஒரு குப்பி பக்டீரியா மிச்சம் வைத்திருந்தேன். அதுவும் போனால் கதை முடிந்தது. ஹாஜியார் தானே கொண்டுவந்து இறக்கிய நாற்றத் தண்ணியில் அதை விட்டேன். மறுநாளும் குமிழி இல்லை. நான் கதிரையைக் குடுவைக்கு முன்னால் இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். விடமாட்டேன், பார்ப்போம் என்ற பிடிவாதம்தான். பின்நேரம் முதல் குமிழி மேலே வந்தது.

சுதன் சொன்னான்: "நீங்க முறைக்கிற முறைக்குச் சாகவும் பயந்திருக்கும் மிஸ்."

தெரியாத நெருப்பு

சேர்ந்த வாயுவைத் தலைவருக்கு முன்னால் பற்றவைத்தேன். ஹாஜியாரும் வந்திருந்தார். ஐதரசன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. "எங்க நெருப்பு?" என்று தலைவர் விரலை நீட்டப்போனார். அவர் கையைத் தட்டிவிட்டு, மூலையில் கிடந்த விளக்குமாற்றில் ஓர் ஈர்க்குக் குச்சியை உருவி நீட்டினேன். பக்கென்று பற்றியது.

தலைவர் விரலைத் தடவிக்கொண்டு, சாவி என்னிடமே இருக்கட்டும் என்றார். எனக்கு முந்தி ஹாஜியார் துள்ளினார்.

"மாஷா அல்லாஹ்! இனி எண்ட ஆலையில ஒருத்தனும் தொட்டியக் கழுவப்படாது!"

சுத்தமான எரிபொருள் வேண்டும் என்று ஊர் உலகமே கேட்கிறது. அதற்காக அழுக்குத் தண்ணி கேட்டு ஆலை ஆலையாக அலைகிறவள் நான்.