கடலோர ஓட்டலில் செஞ்சிக்காரர்கள்

டூர் மேனேஜர் என்பவன் யாரென்றால், மற்றவர்கள் ஊரைப் பார்க்கும்போது அவர்கள் தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றித் திருப்பதிக்கு ஒருமுறையாவது கூட்டிப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் இனம்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் எனக்கு வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே "இன்னா?" என்று கேட்கிற அளவுக்குத்தான் என் குரல். ஆனாலும் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, முதல் வெளிநாட்டுக் கூட்டத்தை முதலாளி என் தலையில் கட்டினார். பாரிஸ் பார்ப்பதற்கு முன்னால், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் ஒரு பழைய ஓட்டலில் சில நாள் தங்கல். கடலுக்கு நேர் எதிரே, நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கட்டடம். அப்படியும் நமக்குக் கட்டுப்படியாகிற வாடகை. மற்ற ஓட்டல்களின் வாடகையைக் கேட்டால் நம் ஆட்கள் ஏறின விமானத்திலிருந்தே இறங்கிவிடுவார்கள். "அந்த ஓட்டல் மேடம் அடுத்த வருசமும் நம்மள சேத்துக்கணும். சேத்துக்கினா நீ பர்மனென்ட். ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, கோட்டை வாசல்ல டிக்கெட் கிழிக்க ஆள் வேணுமான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ" என்றார் முதலாளி.

பின்பக்க அறை

வாடகை ஏன் குறைவு என்பது போய்ச் சேர்ந்ததும் தெரிந்தது. கடல் ஓட்டலுக்கு முன்னால். எங்கள் அறைகள் ஓட்டலுக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். ஓட்டல்கார அம்மாளை அங்கே எல்லோரும் மதாம் என்பார்கள். நிமிர்ந்த முதுகு, அளந்த பேச்சு. கட்டடத்தின் பழம்பெருமையைச் சொல்லிக்கொண்டே சாவிகளைக் கொடுத்தார்.

எங்கள் கூட்டத்தில் வந்த சிங்கவரம் முனுசாமி மாமா நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். கார்களைப் பார்த்ததும் நேராகக் கீழே வந்துவிட்டார். "தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு. அந்தக் காலத்துல உங்க ஆளுங்க எங்க செஞ்சிக் கோட்டையப் பிடிச்சு வருசக்கணக்கா தங்கினு இருந்தாங்க. அவங்களுக்குப் பின்பக்கமா ரூம் குடுத்தோம்? ராஜகிரி மலை உச்சியையே குடுத்தோம்." நான் மதாமிடம், கட்டடம் இவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று மொழிபெயர்த்தேன். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோட்டைன்ற பேச்சே வரலியே தம்பி."

காணாமல் போன கடல்

மத்தியானம் நாங்கள் வந்து இறங்கியபோது அலைகள் ஓட்டலுக்கு எதிரே இருந்த சுவரில் வந்து மோதிக்கொண்டிருந்தன. சாயங்காலம் மாமாவின் மனைவி தனலட்சுமி அத்தையை ஆசையாகக் கூட்டிப்போனால், கடலைக் காணோம். கண்ணுக்கெட்டின தூரம் ஈர மணல். சாய்ந்து கிடந்த படகுகள். இந்தக் கடல் தினமும் இப்படித்தான் உள்ளே போய்விட்டு வரும் என்று விளக்கினேன். அத்தை மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரூம் கேட்டு உங்க மாமா போட்ட சத்தத்துல பயந்து போயிருக்கும்."

விளக்கு வைத்த பின்

மேல்சித்தாமூர் நயினாரும் அவர் மனைவியும் சமணர்கள். கிழங்கு வகை தொடமாட்டார்கள், பொழுது இறங்கிவிட்டால் வாயில் எதுவும் போடமாட்டார்கள். ஓட்டல் சமையலறையோ இரவு ஏழரைக்கு முன்னால் திறக்காது. மதாமிடம் கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. முதல் நாளே பட்டினி போட்டான் என்று முதலாளி காதுக்குப் போகப்போகிறது என்ற பயத்தோடு, விஷயத்தைச் சொல்ல அவர்கள் அறைக்கதவைத் தட்டினேன்.

நயினார் ஜன்னலைக் காட்டினார். மணி ஏழரை தாண்டிவிட்டது. வெளியே கார்களின் மேல் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் பத்து மணி வரை பொழுது சாயாது. பிரெஞ்சு இலக்கணம் முழுக்கப் படித்த எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. கிழங்கில்லாமல் சமைத்த பயறும் ரொட்டியும் இருவரும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். "ஊர்ல சூரியனப் பாத்து நாங்க அவசரமா சாப்பிடுவோம். இங்க நாங்க கை கழுவட்டும்னு அது காத்துனு இருக்குது" என்றார் நயினாரம்மா.

வெறுங்கால் படை

அன்று ராத்திரி படுக்கப் போகும்போது நம் ஆட்கள், வீட்டில் செய்வதுபோலவே, செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் நடைவழி துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு ஜோடிகூட இல்லை. "கல்யாண மண்டபத்துலதான் செருப்பு போவும்னு பாத்தா, இங்கியுமா?" என்றார் அத்தை. மாமா முன்னால் நடக்க, மொத்தக் கூட்டமும் வெறுங்காலோடு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் கால்களைப் பார்த்தார்கள். மதாமின் முகம் இறுகிவிட்டது.

"திருடு போச்சுன்னு சொல்லு. போலீசக் கூப்பிடச் சொல்லு" என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஓட்டலும் போச்சு, என் வேலையும் போச்சு. வாயைத் திறந்தேன், வழக்கம்போல் சத்தம் வரவில்லை. வராததே நல்லதாகப் போயிற்று. அந்த ஓட்டலிலேயே தலை நரைத்த ஊழியர் லூசியான், ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

வண்டியில் வரிசையாக எங்கள் செருப்புகள். தோல் செருப்புகள் மெழுகு தேய்த்து மினுமினுத்தன. ரப்பர் செருப்புகளை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் அறை எண். அந்த மாதிரிப் பழைய ஓட்டல்களில் காலணியைக் கதவுக்கு வெளியே விட்டால், பாலீஷ் போட்டு வை என்று அர்த்தமாம். இப்போது யாரும் விடுவதில்லையாம். முறை தெரிந்த விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. மாமா தன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாங்கனப்பகூட இப்படி இல்ல. போலீசு வேணாம்னு சொல்லிடு."

கதவுக்கு உள்ளே

அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. வயசில் பெரியவர் போய்த் தன் நீலச் செருப்பைத் தொட்டுவிட்டாரே என்று நாள் முழுக்கப் புலம்பினார். அன்று இரவு ஒவ்வொரு கதவாகத் தட்டி, செருப்பை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். எல்லாம் மரியாதைக்காக. மறுநாள் காலை காலியான நடைவழியைப் பார்த்த லூசியான், தொங்கிய முகத்தோடு வெறும் தள்ளுவண்டியைத் திரும்ப உருட்டிக்கொண்டு போனார்.

மதாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, லூசியான் வேலையில் ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். முதலாளி எந்த வார்த்தைக்குப் பயந்தாரோ அதே வார்த்தை, எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. எங்கள் பக்கம் பெரியவர்களைச் செருப்பைத் தொடவிடமாட்டோம், அதனால்தான் எங்கள் அத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன் போல. வாசலில் நின்ற லூசியானுக்கும் கேட்டுவிட்டது. "நான் ஒன்றும் கிழவன் இல்லை என்று அந்த அம்மாளிடம் சொல். இன்று ராத்திரி அவருடைய அந்த நீலச் செருப்பு வெளியே இருக்க வேண்டும்."

கடல் பக்கம்

இருந்தது. பக்கத்திலேயே ஒரு தட்டில், அத்தை ஊரிலிருந்து சுட்டு எடுத்துவந்த முறுக்கும் இருந்தது. காலையில் செருப்பு பளபளத்தது, தட்டு காலியாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டு முன்பக்க அறைக்காரர்களும் ஷூக்களை வெளியே வைக்க ஆரம்பித்தார்கள், முறுக்கில்லாமல்.

கிளம்புகிற அன்று, வேன் வந்து நின்ற பிறகுதான் அடுத்த வருடத்துக்கு இடம் கேட்க எனக்குத் தைரியம் வந்தது. மதாமுக்குக் காதில் விழவில்லை; இன்னொரு தடவை கேட்டேன். அவர் எங்கள் எல்லோருடைய கால்களையும் ஒருமுறை பார்த்தார். "வாருங்கள், இதே வாடகைதான். ஆனால் கடல் பக்க அறைகளில் தங்குங்கள். பின்பக்க நடைவழியில் வெளிச்சம் போதவில்லை, பாலீஷ் எடுபடவில்லை என்கிறார் லூசியான்."

வேனில் ஏறியதும் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். முனுசாமி மாமா ஆச்சரியப்படவே இல்லை. சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கோட்டையப் பத்திச் சொல்லிட்ட இல்ல? அதான்."

இப்போது நான் பர்மனென்ட். நான் படித்த பிரெஞ்சு செய்யாத வேலையை வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் செய்துமுடித்தன என்பதை மட்டும் முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.