பூனையின் ஆறு பற்கள்

மனைவிக்கு ஓசூருக்கு வேலை மாற்றல் வந்தபோது மகளும் அவளோடு போய் அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். எனக்குப் பள்ளியில் இன்னும் நான்கு வருட வேலை இருந்தது. திண்டிவனம் வீட்டில் நானும் மகள் வளர்த்த பூனையும் மிஞ்சினோம்.

சில வாரங்களில் பூனை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது. தட்டை வைத்ததும் ஓடி வரும். ஒரு வாய் கவ்வும். உடனே தலையை உதறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"உன்னை நெனச்சி ஏங்குதும்மா," என்று மகளிடம் போனில் சொன்னேன்.

"ஐயோ பாவம்ப்பா," என்றாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள். அதனால் அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னேன். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

எதிர்வீட்டு அம்மாதான் கவனித்துச் சொன்னார். "சார், பூனைக்கு எச்சி ஒழுகிக்கினே இருக்குது. கிட்ட வந்தா வாய் நாத்தம் அடிக்குது. டாக்டராண்ட காட்டுங்க."

கூடையில் வைத்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே மருத்துவர் பூனையின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். ஈறு முழுக்கப் புண்ணாகச் சிவந்திருந்தது. கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காரை ஏறியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும். பொண்ணு ஊருக்குப் போன ஏக்கம்னு நெனச்சேன், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "பசி நல்லா இருக்குங்க. கடிச்சா வலிக்குது, அதான் ஓடுது. பூனைங்க வலிய வெளிய காட்டிக்காது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிந்து, மறுவாரம் மயக்க மருந்து கொடுத்து ஆறு பற்களைப் பிடுங்கினார்கள். அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்தேன். மனைவி வேலையில் இருப்பாள், மகள் வகுப்பில் இருப்பாள். திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கூடையை எட்டிப் பார்த்தார். "என்னா சார், மொயலா?"

"பூனைங்க. பல்லு புடுங்கிக்கினு வர்றோம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோற்றைக் குழைத்து, முள் எடுத்த மீனைப் பிசைந்து வைத்தேன். மூன்றாம் நாள் தட்டை வழித்து நக்கியது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை மகளிடம் உண்மையைச் சொன்னேன். "அது ஏக்கம் இல்லம்மா. பல்லு வலி."

"இப்ப சாப்பிடுதுல்ல? அப்ப சரிப்பா," என்றாள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

பூனை இப்போது கொஞ்சம் பருத்துக்கூடப் போய்விட்டது. அவளிடம் சொல்வதற்கு நான்தான் வாரம் முழுக்க வேறு ஏதாவது தேடிக்கொண்டிருக்கிறேன்.