மச்சானின் இடது சுட்டுவிரல்

என் மச்சானுக்கு நான் இதுவரை மூன்று கையுறைகள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதலாவது அளவு பத்தவில்லை என்றார். இரண்டாவது வியர்க்கிறது என்றார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்க என் மனைவி அதை எடுத்துக்கொண்டாள். மூன்றாவதை உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மனுஷன் பிடித்த பிடியை விட்டால்தானே.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றோருக்கான பாடப் புத்தகங்களைப் பிரெயிலில் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துகிறார். எதிரே ஒருவர் சாதாரணப் புத்தகத்தை உரக்க வாசிப்பார். மச்சான் புள்ளி எழுத்தைத் தடவிக்கொண்டே போய், தப்பு வரும் இடத்தில் "நிறுத்து" என்பார். வலது கை வரியைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்ள மட்டும். படிப்பதெல்லாம் இடது சுட்டுவிரல்தான். அந்த விரலின் நுனி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் சனிக்கிழமைகளில் மறந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் கோல்ஃப். பார்வையற்றவர் எப்படி கோல்ஃப் ஆடுவார் என்று கேட்பவர்களுக்கு என்னைத்தான் காட்ட வேண்டும். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வாரம் முழுக்க அந்தரத்தில் தொங்கிவிட்டு, கிடைக்கிற ஒரு லீவு நாளில் மைதானத்தில் முட்டி போட்டு, மட்டையின் முகத்தைப் பந்துக்குப் பின்னால் நேராக வைத்து, "குழி நூத்தி இருபது கெஜம், கொஞ்சம் இடது பக்கம், அடிங்க மச்சான்" என்று சொல்வது என் வேலை. அடித்தது எங்கே போனது என்று தேடுவதும் என் வேலைதான்.

கையுறை ஏன் வேண்டாம் என்று நூறு தடவை கேட்டாயிற்று.

"மட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கைதான் மாப்ளே எனக்குச் சொல்லுது. அதுக்கு மேல தோலைப் போட்டு மூடினா, உங்க கண்ணைக் கட்டிட்டு லிஃப்ட் ரிப்பேர் பண்ணச் சொல்ற மாதிரி."

"கொப்புளம் வந்தா?"

"வராம பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம்! கையுறை இல்லாமல் ஆடுகிறவர்கள் கொப்புளம் வராமல் இருக்கச் செய்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். மட்டையை நெரிக்கக் கூடாது, தளர்த்திப் பிடிக்க வேண்டும். நாலு பந்துக்கு ஒரு தரம் வியர்வையைத் துடைக்க வேண்டும். கைப்பிடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும், வழுக்கினால் தோல் உரசும். எரிச்சல் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நான் மச்சானிடம் இதையெல்லாம் சொல்வதைக் கேட்டுவிட்டு மைதானத்துப் பயிற்சியாளர் சிரித்தார். "எதுக்கு சார் இவ்வளவு? ஆறு மாசம் விடாம ஆடுங்க, கை காய்ச்சுப் போயிடும். அப்புறம் கொப்புளமே வராது."

கை காய்த்துப் போனால் படிப்பது யார்? என் உள்ளங்கை இருபது வருஷமாகக் கம்பியும் ஸ்பேனரும் பிடித்துக் காய்த்தது. அந்தப் பிரெயில் தாளில் என் விரலை வைத்தால் சொரசொரப்பு மட்டும்தான் தெரிகிறது. மச்சானுக்குக் கொப்புளமும் ஆகாது, காய்ப்பும் ஆகாது. அப்படியென்றால் கையுறை ஒன்றுதானே வழி? இதைச் சொன்னால் காதில் வாங்கமாட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது வினை. ரப்பர் மழுங்கிய பழைய மட்டையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கென்று அடி நன்றாக விழுந்தது. "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று நூற்றைம்பது பந்து அடித்துத் தீர்த்தார். "போதும் மச்சான்" என்று நான் கத்தியதெல்லாம் வீண். வண்டியில் ஏறியதும் இடது சுட்டுவிரலைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக உரசிப் பார்த்தார். விரல் சரியாக இருக்கிறதா என்று அவர் அப்படித்தான் சோதிப்பார். கையை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நுனியில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம்.

"திங்கக்கிழமை லீவு போடுங்க."

"அஞ்சாம் வகுப்பு சுகாதாரப் புத்தகம் அச்சுக்குப் போகணும் மாப்ளே. நான் பாக்கலைன்னா யார் பாப்பா? எதிரே வாசிக்கறாங்க இல்ல, சமாளிச்சுக்கலாம்."

சமாளித்தார். பிரெயிலில் 'ப' என்ற எழுத்துக்கு நான்கு புள்ளி. அதில் இடது பக்கம் நடுவில் இருக்கிற ஒரே ஒரு புள்ளி விழாமல் போனால் அது 'ம' ஆகிவிடும். தட்டச்சில் அந்தப் புள்ளி விழவில்லை. எதிரே இருந்தவர் சரியாகத்தான் வாசித்தார். காது கேட்டதை நீர் கோத்த விரல் அப்படியே நம்பிவிட்டது. "உடலுக்குப் பலம் தரும் உணவுகள்" என்ற பாடம், 'மலம் தரும் உணவுகள்' என்ற தலைப்போடு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நல்ல வேளை, அது முன்னோட்டப் பிரதி. மொத்தமும் இன்னும் அச்சாகவில்லை. அந்தப் பள்ளி டீச்சர் போன் பண்ணினார். பிள்ளைகள் மத்தியானம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்களாம், பட்டியலில் இருந்த ஒவ்வொரு உணவையும் சத்தம் போட்டுப் படித்து. என் மனைவிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணே, டீச்சர் கோவப்படலையே, விடு" என்றாள். மச்சான் சிரிக்கவில்லை. பதினாலு வருஷத்தில் அவர் கையைத் தாண்டிப் போன முதல் தப்பு அது. எனக்கோ எரிச்சலான எரிச்சல். நான் சொன்னபோது கேட்டிருந்தால் இந்தக் கூத்து வந்திருக்குமா?

விரல் ஆறும்வரை புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் ஆனது. அச்சகம் காத்திருந்தது. அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டு நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோ போட்டால் நிறுத்தச் சொன்னார். நான் பேப்பர் வாசித்தால், "வேண்டாம் மாப்ளே, நீங்க உங்களுக்குப் பிடிச்சதைத்தான் வாசிப்பீங்க" என்றார். பத்தாம் நாள் போய் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து இரண்டு முறை படித்துத் திருத்திக் கொடுத்தார்.

சரி, இத்தோடு கோல்ஃப் ஒழிந்தது, எனக்கும் விடுதலை என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் பையோடு நிற்கிறார். கை வெறும் கை. எனக்கு வந்த கோபத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்க வேண்டும். வாய் மூடாமல் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

மைதானத்தில் மட்டையைப் பிடித்தார். மற்ற விரல்கள் எல்லாம் பிடியில் இருந்தன, இடது சுட்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு தனியாக நின்றது. அடித்தார். பந்து வழக்கத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை. பயிற்சியாளர் தூரத்திலிருந்து, "சார், அந்த விரலை மடக்குங்க! பிடியில வையுங்க!" என்று குரல் கொடுத்தார்.

"என்ன மச்சான் இது கோணங்கித்தனம்? இப்படி ஆடினா நீங்க ஜென்மத்துக்கும் குழிப் பக்கம் போகமாட்டீங்க. ஒரு கிளவ் போட்டா என்ன குறைஞ்சா போவீங்க?"

"போட்டா ஆட முடியாது. இந்த விரலைப் பிடியில வச்சா அப்புறம் படிக்க முடியாது." அடுத்த பந்துக்குக் காலை அகட்டி நின்றுகொண்டார். "தூரம் போகாட்டி போகட்டும் மாப்ளே. அந்த ஒன்பது நாளும் நான் குருடனா இருந்தேன்."

இருபது வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முட்டி போட்டு மட்டையை நேராக வைத்தேன். பயிற்சியாளர் மறுபடியும் விரலை மடக்கச் சொல்லிக் கத்தினார்.

"சும்மா இருய்யா, அது அப்படித்தான் இருக்கும்!" என்று நான் திருப்பிக் கத்தினேன்.